ஒரு ஜாடி, ஒரு சென்சார்: கலந்த வாயுக்களின் மொத்த அழுத்தத்தை அளந்து பார்த்த பதிவு

ஒரே கலத்துக்குள் இரண்டு மூன்று வாயுக்கள் இருந்தால் மொத்த அழுத்தம் எவ்வளவு என்ற கணக்கைப் பள்ளியில் எல்லோரும் போட்டிருப்போம். ஒவ்வொரு வாயுவின் பகுதி அழுத்தத்தையும் (அந்த வாயு மட்டும் தனியாக அந்தக் கலத்தில் இருந்தால் தரும் அழுத்தம்) கூட்டினால் மொத்தம் வந்துவிடும். டால்டன் விதி இதைத்தான் சொல்கிறது. கூட்டல் யாருக்கும் வரும். கூட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு வாயுவையும் ஒரே கனஅளவுக்கும் ஒரே வெப்பநிலைக்கும் கொண்டுவந்தோமா, அதில் நீராவி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் கணக்கின் உயிரே இருக்கிறது. இதை எண்களாகப் பார்க்க ஆசைப்பட்டு, வீட்டு மேசையில் ஒரு சிறிய அமைப்பைக் கட்டி அளந்தேன். செய்த விதமும் கிடைத்த எண்களும் கீழே.

ஜாடியைத் தயார் செய்தல்

கலமாக எடுத்துக்கொண்டது அகல வாயுள்ள கண்ணாடி ஜாடி. ஒரு லிட்டருக்குச் சற்று மேலே பிடிக்கும். திருகு மூடி உலோகத்தாலானது, உள்பக்கம் ரப்பர் வளையம் உண்டு. மூடியில் இரண்டு துளை போட்டேன். ஒன்று சென்சாரின் கம்பிகளுக்கு. மற்றது மூவழி வால்வு பொருத்திய குட்டைக் குழாய்க்கு. சொட்டு மருந்து ஏற்றும்போது குழாயில் ஒரு சின்னத் திருகு இருக்குமே, அதே வால்வுதான். அதில் 60 மி.லி. சிரிஞ்சு கச்சிதமாக உட்காரும். துளைகளை எப்பாக்சி பசையால் அடைத்தேன்.

சென்சார் பி.எம்.பி.280. ஆர்டுயினோவோடு (நிரல் எழுதி ஓட்டும் சின்ன மின்பலகை) நான்கு கம்பியில் பேசும், தனி அழுத்தத்தையே, அதாவது வெற்றிடத்தைச் சுழியாக வைத்து அளந்த அழுத்தத்தையே காட்டும், கூடவே வெப்பநிலையும் தரும். அதன் வீச்சு 300 முதல் 1100 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு, நூறு பாஸ்கல்) வரை. ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்பதால், சாதாரணக் காற்றோடு மூடிய ஜாடியில் மேலே ஏறுவதற்குச் சுமார் 90 ஹெக்டோபாஸ்கல்தான் மிச்சம். இது போதுமா என்று தோன்றலாம். போதும். ஒரு லிட்டர் ஜாடிக்குள் 50 மி.லி. வாயுவைச் செலுத்தினால் ஏறுவதே 50 ஹெக்டோபாஸ்கல் அளவுக்குத்தான். அதே நேரம், அடுத்தடுத்து எடுக்கும் இரண்டு அளவுகளுக்கு இடையிலான வித்தியாசத்தை இந்தச் சென்சார் 0.12 ஹெக்டோபாஸ்கல் அளவு நுட்பமாகச் சொல்கிறது. முழு அளவில் ஒரு ஹெக்டோபாஸ்கல் முன்பின் இருக்கலாம், ஆனால் இந்த வேலைக்குத் தேவைப்படுவது வித்தியாசம்தான். பெரிய வீச்சுள்ள கார் எஞ்சின் சென்சார்களை விட இந்தச் சின்னச் சில்லே இங்கே பொருத்தம் என்பது என் முடிவு.

சென்சாரைத் தொடர்ந்து ஓடவிட்டால் தன் சூட்டிலேயே வெப்பநிலையைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அதனால் ஐந்து விநாடிக்கு ஒருமுறை விழித்து ஒரு அளவு எடுத்துவிட்டு உறங்கும்படி நிரல் எழுதினேன். சோதனையின்போது அது ஜாடியின் நடுவில், கண்ணாடியில் படாமல் தொங்கவேண்டும்.

கசிவைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும், இந்த மாதிரி அமைப்பில் நேரத்தைத் தின்பது அதுதான். பல இழைகள் கொண்ட கம்பியை மூடி வழியாக வெளியே எடுத்தால், வெளி உறையைச் சுற்றிப் பசை எவ்வளவு பூசினாலும் காற்று போய்க்கொண்டே இருக்கும். உறைக்கு உள்ளே, இழைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு நீளமான குழாய் மாதிரி வேலை செய்கிறது. மூடியைக் கடக்கும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு உறையை உரித்து, இழைகளைச் சாலிடரால் நன்றாக நிரப்பி, அந்த உரித்த பகுதி பசைக்குள் புதையும்படி வைத்தால் கசிவு நின்றுவிடும். ஒற்றை இழைக் கம்பி கிடைத்தால் இந்த வேலையே வேண்டாம்.

கசிகிறதா என்று பார்க்க அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அறை ஒரு டிகிரி சூடானால் மூடிய ஜாடியில் அழுத்தம் 3.3 ஹெக்டோபாஸ்கல் ஏறும்; ஜாடியின் அழுத்தமான 1008ஐ 302 கெல்வினால் (29 டிகிரி செல்சியஸோடு 273 கூட்டியது) வகுத்தால் கிடைப்பது அது. ஆகவே அழுத்தத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்த விகிதத்தைத்தான் பதிவு செய்தேன். இரவு முழுக்க அழுத்தம் மேலும் கீழுமாக அலைந்தாலும் இந்த விகிதம் நகராமல் நின்றால் ஜாடி சரி. நின்றது.

அடுத்து கனஅளவு. ஜாடி நிறையத் தண்ணீர் ஊற்றி எடை பார்த்ததில் 1136 கிராம் வந்தது. 29 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி மி.லி.க்கு 0.996 கிராம் என்பதால் அது ஏறக்குறைய 1140 மி.லி. சென்சார் பலகை அடைத்துக்கொள்ளும் இடமும் குழாய் கூட்டித்தரும் இடமும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் அளவுதான். இதை வேறொரு வழியிலும் சரிபார்க்கலாம். 1008.4 ஹெக்டோபாஸ்கலில் இருந்த ஜாடிக்குள் 50 மி.லி. அறைக் காற்றைச் செலுத்தினேன். வேகமாக அழுத்தினால் காற்று கொஞ்சம் சூடாகி, அளவு முதலில் எகிறிவிட்டு மெல்ல இறங்கும். இறங்கி நின்ற இடம் 1052.6. ஏற்றம் 44.2. பாயில் விதிப்படி (வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் × கனஅளவு மாறாது) கனஅளவு = 1008.4 × 50 ÷ 44.2. அதுவும் 1140 மி.லி. என்றே வந்தது. தராசும் சென்சாரும் ஒத்துப்போன பிறகுதான் மற்ற எண்களை நம்பத் தொடங்கினேன்.

வாயுவை மாற்றினால் என்ன ஆகும்

இப்போது அதே 50 மி.லி., ஆனால் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு. சமையல் சோடாவும் வினிகரும் போதும். 84 கிராம் சமையல் சோடா ஒரு மோல் (துகள்களின் எண்ணிக்கைக்கான அலகு). ஒரு மோல் சோடா ஒரு மோல் வாயு தரும். 29 டிகிரியில், 1008 ஹெக்டோபாஸ்கலில் ஒரு மோல் வாயுவின் கனஅளவு சுமார் 24.9 லிட்டர். ஆகவே ஒரு கிராம் சோடாவிலிருந்து கிட்டத்தட்ட 297 மி.லி. வாயு. ஒரு சின்னக் குடுவையில் ஐந்து கிராம் போட்டால், குடுவையில் இருந்த பழைய காற்றை வெளியே தள்ளவும் சிரிஞ்சை நிரப்பவும் தாராளமாக இருக்கும். முதலில் வரும் வாயுவை வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதைக் கால்சியம் குளோரைடு நிரப்பிய குழாய் வழியாக இழுத்து உலர்த்திச் சிரிஞ்சில் பிடித்தேன். குடுவையின் வாயை எப்போதும் இறுக்கி மூடக் கூடாது. வாயு போக வழியில்லாத கண்ணாடிக் குடுவை வெடிக்கும்.

செலுத்தினேன். ஏற்றம் 43.9 ஹெக்டோபாஸ்கல். காற்றுக்கு 44.2, இதற்கு 43.9. சிரிஞ்சின் கோட்டை அரை மி.லி. தள்ளிப் படித்தாலே 0.4 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்பதால் இரண்டும் ஒன்றுதான்.

கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு நைட்ரஜன் மூலக்கூறைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் எடையுள்ளது. எடை கூடினால் சுவரில் பலமாக மோதவேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. ஒரே வெப்பநிலையில் எல்லா வாயு மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலும் சமம். எடை கூடிய மூலக்கூறு அதற்கேற்ப மெதுவாக ஓடும், சுவருக்குக் குறைவான தடவையே வந்துபோகும். கூட்டிக் கழித்தால் அழுத்தத்துக்கு அது தரும் பங்கு மாறுவதில்லை. அழுத்தம் × கனஅளவு = மோல் எண்ணிக்கை × வாயு மாறிலி × வெப்பநிலை என்ற நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் வாயுவின் பெயரை எழுத இடமே கிடையாது. அங்கே எண்ணிக்கைக்கு மட்டும்தான் இடம். மோல் எண்ணிக்கையை 'காற்று மோல் + கார்பன் டை ஆக்சைடு மோல்' என்று பிரித்து எழுதினால், வலது பக்கம் தானாகவே இரண்டு துண்டாகும். ஒவ்வொரு துண்டும் அந்த வாயு தனியாக அந்த ஜாடியில் இருந்தால் என்ன அழுத்தம் தருமோ அது. டால்டன் விதி நல்லியல்பு வாயுச் சமன்பாட்டுக்குள்ளேயே இருப்பது இப்படித்தான்.

நிஜ கார்பன் டை ஆக்சைடு இந்தச் சமன்பாட்டுக்கு அப்படியே கட்டுப்படும் நல்லியல்பு வாயு இல்லை என்பதும் உண்மை. அறை வெப்பநிலையில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் அது சமன்பாட்டிலிருந்து சுமார் அரை சதவீதம் விலகும். 44இல் அரை சதவீதம் 0.2. என் சிரிஞ்சின் பிழைக்குள் அது மறைந்துவிடுகிறது. சிலிண்டர் அழுத்தங்களுக்குப் போனால் இந்த மெத்தனம் உதவாது. அப்புறம் இன்னொன்று: வாயுக்கள் ஒன்றோடொன்று வினைபுரியக் கூடாது. அம்மோனியாவையும் ஹைட்ரஜன் குளோரைடையும் சேர்த்தால் வெள்ளைத் திண்மம் படியும். அங்கே கூட்டுவதற்கு வாயுவே மிஞ்சாது.

இரண்டு கலங்கள், நடுவில் ஒரு வால்வு

தேர்வுத்தாள்களில் அடிக்கடி வரும் கணக்கு இது. இரண்டு கலங்களில் வேறு வேறு அழுத்தத்தில் வேறு வேறு வாயு. வால்வைத் திறந்தால் மொத்த அழுத்தம் என்ன? அதையே செய்தேன். ஜாடியில் இருந்து சிரிஞ்சால் காற்றை இழுத்து வெளியே விட்டால், ஒவ்வொரு 50 மி.லி. இழுப்புக்கும் அழுத்தம் 1140/1190 மடங்காகக் குறையும். ஐந்து இழுப்பில் 1008 என்பது ஏறக்குறைய 814 ஆகிவிடும். இரண்டாவது கலம் 520 மி.லி. பாட்டில்; அதை உலர்ந்த கார்பன் டை ஆக்சைடால் நிரப்பி 1008இல் வைத்தேன். அழுத்தம் குறைத்த கண்ணாடிக் கலம் என்பதால் ஜாடியைத் தடித்த துணியால் சுற்றிவிட்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டுதான் வால்வைத் தொட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

திறப்பதற்கு முன் கணக்கு. இரண்டு அழுத்தத்தையும் அப்படியே கூட்டினால் 1822. அது நடக்காது என்று பார்த்தவுடனே தெரியும். சராசரி எடுத்தால் 911. இது நம்பும்படி இருப்பதால்தான் ஆபத்தானது. சரியான வழி, ஒவ்வொரு வாயுவும் இப்போது 1660 மி.லி. முழுக்கப் பரவப்போகிறது என்று பார்ப்பது. காற்றின் பகுதி அழுத்தம் 814 × 1140 ÷ 1660, அதாவது 559.0. கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் 1008 × 520 ÷ 1660, அதாவது 315.8. மொத்தம் 874.8 ஹெக்டோபாஸ்கல்.

மோல் வழியாகப் போனாலும் இதே இடத்துக்குத்தான் வருவோம். 29 டிகிரி என்பது 302.15 கெல்வின். வாயு மாறிலி 8.314. ஜாடியில் காற்று 0.0369 மோல், பாட்டிலில் கார்பன் டை ஆக்சைடு 0.0209 மோல், இரண்டும் சேர்ந்து 0.0578 மோல். இதை 0.00166 கன மீட்டரில் அடைத்தால் 87,480 பாஸ்கல் சுற்றி வரும். கார்பன் டை ஆக்சைடின் மோல் பின்னம் (மொத்த மோலில் அதன் பங்கு) 0.361, அதை மொத்த அழுத்தத்தால் பெருக்கினால் மறுபடி 315.8. நான் பகுதி அழுத்த வழியையே விரும்புகிறேன். அதில் அலகு மாற்றும் தொல்லை இல்லை, எந்த வாயு எவ்வளவு சுருங்கியது அல்லது விரிந்தது என்பதும் கண் முன்னால் நிற்கும். இரண்டு கலங்களும் வேறு வெப்பநிலையில் இருந்திருந்தால் மோல் வழிதான் பாதுகாப்பு.

வால்வைத் திறந்ததும் அளவு சில விநாடிகளில் எகிறி, ஓரிரு நிமிடத்தில் 874.1இல் நிலைத்தது. அதற்குப் பிறகு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தும் அது அசையவில்லை. இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அழுத்தம் சமமாவது வாயு மொத்தமாகப் பாய்வதால், அது சட்டென்று முடிந்துவிடும். இரண்டு வாயுக்களும் முழுக்கக் கலப்பது மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக ஊடுருவிப் போவதால், குறுகிய குழாய் வழியாக அதற்கு மணிக்கணக்காகும். அதாவது 874.1 என்று சென்சார் காட்டிய நேரத்தில் பாட்டிலில் இன்னும் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடுதான் இருந்திருக்கும். கலத்தல் நடந்துகொண்டே இருக்கிறது, மொத்த அழுத்தத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மூலக்கூறுகளின் மொத்த எண்ணிக்கை, இடம், வெப்பநிலை மூன்றும் மாறாதவரை அந்த எண் மாறக் காரணமும் இல்லை. கணக்கில் 'முழுதும் கலந்தபின்' என்று சொல்லியிருந்தால் அது பகுதி அழுத்தங்களுக்காக. மொத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நீராவி

இதுவரை வந்த வாயுக்கள் எல்லாம் சொன்னபடி கேட்டன. நீராவி அப்படி இல்லை, அதனால்தான் இதற்கு நிறைய நேரம் கொடுத்தேன். விதி பிறந்ததே இங்கேதான். ஜான் டால்டன் 1787இல் தொடங்கி 1844இல் இறக்கும்வரை வானிலைக் குறிப்பேடு எழுதிவந்தவர். காற்றில் ஈரம் எப்படித் தங்குகிறது என்பது அவருடைய நெடுநாள் கேள்வி. காற்றில் நீர் கரைந்திருக்கிறது என்று பலர் நம்பிய காலம் அது. நீராவி காற்றோடு சேர்ந்து இருந்தாலும் தனியொரு வாயுவாகவே நடந்துகொள்கிறது, தன் அழுத்தத்தை மொத்தத்தில் கூட்டுகிறது என்று 1801இல் அவர் முன்வைத்தார்.

முதல் சோதனைக்கு எதையும் உள்ளே செலுத்தவில்லை. அறைக் காற்றோடு ஜாடியை மூடும்போது, நன்றாகச் சூடாக்கி உலர்த்திய சிலிக்கா ஜெல்லை உள்ளே வைத்துவிட்டேன். வெப்பநிலை 29 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம். 29 டிகிரியில் நிறைவுற்ற நீராவியின் அழுத்தம் (அந்த வெப்பநிலையில் நீராவி எட்டக்கூடிய உச்சம்) 40.1 ஹெக்டோபாஸ்கல், அதில் 65 சதவீதம் 26.1. ஜாடிக் காற்றில் நீராவியின் பகுதி அழுத்தம் அவ்வளவு. சிலிக்கா ஜெல் அதை விழுங்கிவிட்டால் மொத்த அழுத்தம் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறையவேண்டும். மறுநாள் காலை, வெப்பநிலை திருத்தம் செய்தபின், 1006.9 இருந்த இடத்தில் 981.8 இருந்தது. 25.1 ஹெக்டோபாஸ்கல் காணாமல் போயிருந்தது. கடைசி ஒரு ஹெக்டோபாஸ்கல் ஜெல்லால் இழுக்க முடியாத மிச்ச ஈரம், கொஞ்சம் ஈரப்பதமானியின் பிழை. காற்று என்று நாம் சொல்லும் கலவையில் நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21, ஆர்கான் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு என்று படிப்பதெல்லாம் உலர்ந்த காற்றின் கணக்கு. என் மேசைக் காற்றில் நீராவி ஆர்கானை விட இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தது.

அடுத்து எதிர்த்திசை. ஜெல்லை எடுத்துவிட்டு, புதிதாக அறைக் காற்றை அடைத்து மூடினேன். தொடக்க அழுத்தம் 1007.5, நீராவி 26.1 என்பதால் உலர்ந்த காற்றின் பங்கு 981.4. இப்போது அரை மி.லி. தண்ணீரைச் சிரிஞ்சால் உள்ளே தொங்கிய பஞ்சுப் பட்டையில் இறக்கினேன். பஞ்சு இல்லாவிட்டால் துளி ஆவியாகி முடியக் காத்திருந்தே நாள் போய்விடும். நீராவி 40.1 வரைதான் ஏறமுடியும். திரவத் தண்ணீர் அடைத்துக்கொண்ட அரை மி.லி. இடத்தால் காற்று சிறிதே நெருங்கி 981.8 ஆகும். மொத்தம் 1021.9 என்று எழுதி வைத்தேன். சென்சார் 1021.3இல் நின்றது.

அப்புறம் இன்னொரு அரை மி.லி. தண்ணீர். இந்தத் தடவை கூடியது அந்த நீர் பிடித்த இடத்துக்கான 0.4 மட்டுமே. இங்கேதான் நீராவி மற்ற வாயுக்களை விட்டு விலகுகிறது. ஜாடியை நிறைவுறச் செய்ய மொத்தமே 33 மில்லிகிராம் நீராவி போதும், 40.1 ஹெக்டோபாஸ்கல், 1140 மி.லி., 302 கெல்வின் என்று சமன்பாட்டில் போட்டால் 0.00182 மோல் வரும், அதன் எடை அது. அதற்கு மேல் ஊற்றுவது எல்லாம் திரவமாகவே கிடக்கும். ஊற்றிய தண்ணீரை மோலாக்கிச் சமன்பாட்டில் போட்டால், அரை மி.லி.க்கே 600 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் வந்து நிற்கும். திரவம் தங்கியிருக்கும் கலத்தில் நீராவியின் பங்கை வெப்பநிலை அட்டவணையிலிருந்து எடுக்கவேண்டும், மோல் கணக்கிலிருந்து அல்ல.

ஈரமான ஜாடியைச் சூடாக்கினால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். இரண்டாவது முறை சேர்த்த தண்ணீரை இழுத்துவிட்டு, ஜாடியை 40 டிகிரி வெந்நீரில் அமிழ்த்தினேன். வழக்கமான கணக்கு, மொத்த அழுத்தத்தைக் கெல்வின் விகிதத்தால் பெருக்குவது: 1021.9 × 313.15 ÷ 302.15, அதாவது 1059.1. பிரித்துப் போட்டால் வேறு விடை வரும். உலர்ந்த காற்று மட்டும் விகிதப்படி 981.8இலிருந்து 1017.5 ஆகும். நீராவி தன் வழியில் 40.1இலிருந்து 73.8க்குத் தாவும், 40 டிகிரியில் நிறைவு அழுத்தம் அது. மொத்தம் 1091.3. இரண்டு விடைகளுக்கும் நடுவில் 32 ஹெக்டோபாஸ்கல் இடைவெளி. சென்சாரின் 1100 எல்லைக்கும் 1091 பக்கத்தில்தான் இருக்கிறது. 40 டிகிரியோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் அதுவே.

நீரில் அமிழ்ந்த ஜாடி முதலில் 1083.6இல் வந்து அசையாமல் நின்றது. 1059ஐ எப்போதோ தாண்டிவிட்டது, ஆனால் 1091க்கு வரவில்லை. மூடியின் உள்பக்கம் பொடிப்பொடியாகத் துளிகள் படிந்திருந்தன. மூடி வெந்நீருக்கு மேலே, அறைக் காற்றில் இருந்தது. அதன் வெப்பநிலை ஏறக்குறைய 38 டிகிரி. ஒரு கலத்தில் மிகக் குளிர்ந்த இடம் எதுவோ அதன் வெப்பநிலைதான் நீராவியின் அழுத்தத்தை முடிவு செய்யும், மற்ற இடம் எவ்வளவு சூடாக இருந்தாலும் ஆவி அங்கே போய்த் திரவமாகிவிடும். 38 டிகிரிக்கு நிறைவு அழுத்தம் 66.3, அதோடு 1017.5ஐக் கூட்டினால் 1083.8. சென்சார் காட்டிய எண்ணுக்குக் காரணம் தெளிவாகக் கிடைத்துவிட்டது. மூடியைத் தடித்த துணியால் மூடி, அதன்மேல் வெந்நீர்ப் பை ஒன்றை வைத்ததும் துளிகள் மறைந்தன, அளவும் 1090.2க்கு ஏறியது. இத்தனை ஈரத்தில் சென்சார் நனைந்துவிடாமல் இருக்க, அதன் மின்பலகைக்கு மட்டும் பாதுகாப்பு வார்னிஷ் பூசியிருந்தேன், அழுத்தத் துளையை விட்டுவிட்டு.

குளிர்ந்த பக்கமும் பார்த்தேன். பனிக்கட்டி கலந்த நீரில் 10 டிகிரியில் வைத்தால் உலர்ந்த காற்று 920.1, நீராவி 12.3, மொத்தம் 932.4 வரவேண்டும். வந்தது 932.9. மொத்தத்தை அப்படியே விகிதத்தால் பெருக்கியிருந்தால் 957.6 என்று எழுதியிருப்போம்.

இதையெல்லாம் ஒரு விரிதாளில் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு வரிசை: பழைய அழுத்தம், பழைய கனஅளவு, பழைய வெப்பநிலை. புதிய பகுதி அழுத்தம் = பழைய அழுத்தம் × (பழைய கனஅளவு ÷ புதிய கனஅளவு) × (புதிய வெப்பநிலை ÷ பழைய வெப்பநிலை). வெப்பநிலை கெல்வினில்தான் இருக்கவேண்டும். நீராவிக்கு மட்டும் தனி வரிசை. அங்கே இதே சூத்திரத்தில் கிடைக்கும் எண்ணையும் அட்டவணையின் நிறைவு அழுத்தத்தையும் ஒப்பிட்டு, சிறியதை எடுத்துக்கொள்ளும். கலத்தில் திரவத் தண்ணீர் இருக்கிறது என்று குறித்துவிட்டால் நேராக நிறைவு அழுத்தத்தையே எடுக்கும். கடைசிக் கட்டத்தில் எல்லாவற்றின் கூட்டல்.

இந்த நீராவி வரிசை ஆய்வகத்தில் அன்றாடம் தேவைப்படும் இடம், வாயுவை நீருக்கு மேல் சேகரிப்பது. 0.100 கிராம் மக்னீசியத்தை அமிலத்தில் கரைத்து வரும் ஹைட்ரஜனை, நீர் நிரப்பிக் கவிழ்த்த அளவுகுழாயில் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். மக்னீசியம் 0.00412 மோல், ஹைட்ரஜனும் அவ்வளவே. வெளியே 1008.4 ஹெக்டோபாஸ்கல், 29 டிகிரி. குழாயின் உள்ளும் வெளியும் நீர்மட்டத்தைச் சமப்படுத்தினால் உள்ளே மொத்த அழுத்தமும் 1008.4தான். ஆனால் அதில் 40.1 நீராவி. ஹைட்ரஜனுக்கு மிஞ்சுவது 968.3. இந்த எண்ணை வைத்துக் கணித்தால் குழாயில் 106.8 மி.லி. வாயு சேரவேண்டும். 1008.4ஐ முழுவதும் ஹைட்ரஜனுக்கே கொடுத்தால் 102.5 மி.லி. என்று வரும். அளவுகுழாயில் கண்ணால் எண்ணிப் பார்க்கக்கூடிய நாலு கோடு வித்தியாசம் அது.